பன்றியின் கருமுட்டையும் கண்ணாடித் தட்டும்: வளர்ப்புச் சூழல் குறித்த ஒரு விசாரணை

ஐதராபாத் நகரத்தின் அத்தாப்பூர்ப் பகுதியில், உயிரணு மற்றும் மூலக்கூற்று உயிரியல் மையத்தின் அங்கமாக இயங்கிவரும் லாகோன்ஸ் என்னும் ஆய்வுக்கூடம், அருகிவரும் வனவிலங்குகளின் இனவிருத்திக்கு விஞ்ஞானம் எவ்வளவு தூரம் துணைநிற்கக்கூடும் என்ற கேள்வியை நம் நாட்டில் முறையாக எழுப்பி, அதற்கு விடைகாண முற்பட்ட நிலையமாகும். அந்நிலையத்தாரின் முயற்சியால் 2006-ஆம் ஆண்டில் செயற்கைக் கருவூட்டல் மூலம் ஒரு புள்ளிமான் குட்டியும், அடுத்த ஆண்டில் ஒரு வெளிமான் குட்டியும் பிறந்தன. இடையில், 2007 பிப்ரவரி முதல் நாள், அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்கள் அக்கூடத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார்கள். இவை செய்தித்தாள்களில் இடம்பெற்ற நிகழ்ச்சிகள். அவ்வளவாகப் பேசப்படாததும், இக்கட்டுரையின் நோக்கத்துக்கு அவற்றினும் முக்கியமானதும் மற்றொன்று உண்டு. இறந்துபோன நாற்கொம்பு மானின் சினைப்பையிலிருந்து பக்குவமடையாத கருமுட்டைகளை எடுத்து, அவற்றைக் குளிரில் கண்ணாடிபோல் உறையவைத்து, மீண்டும் உருக்கி, வளர்ப்பூடகத்தில் இட்டுப் பரிபக்குவ நிலைக்குக் கொண்டுவர இயலுமா என்று அங்குள்ள ஆய்வாளர்கள் பரிசோதித்து, 2011-ஆம் ஆண்டில் தங்கள் அனுபவத்தை வெளியிட்டார்கள். உயிர் நீங்கிய உடலில் இன்னும் சில மணி நேரம் உயிர்ப்புடன் இருக்கும் முட்டையை மீட்டுக் காப்பது என்னும் எண்ணமே அதன் அடிப்படை.

மான் இனத்தில் தொடங்கிய இவ்வெண்ணத்தைப் பன்றி இனத்துக்கு விரிவுபடுத்த வேண்டிய அவசியம் நம் காலத்தில் ஏற்பட்டிருக்கிறது என்பதும், அவ்வாறு விரிவுபடுத்தும்போது பிறநாட்டுக் கூடங்களின் செய்முறைகளை அப்படியே பெயர்த்தெடுத்து நடுவது பயன் தராது என்பதும் என் கருத்து. வளர்ப்பூடகத்தைச் சமையற் குறிப்புப்போல் கருதும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. உண்மையில் ஒவ்வோர் ஊடகமும், சினைப்பையில் முட்டையைத் தாங்கிநிற்கும் சினைக்குமிழி என்ன செய்கிறது என்பது பற்றி அதை வகுத்தவர் கொண்ட ஓர் அனுமானமேயாகும். அனுமானத்தைப் பரிசோதிக்க வேண்டும். பின்பற்றினால் மட்டும் போதாது.

இத்துறையின் முதற்படி 1935-ஆம் ஆண்டில் அமைந்தது. பிங்கஸ், என்ஸ்மான் என்னும் இருவர், முயலின் முட்டையைச் சினைக்குமிழியிலிருந்து வெளியே எடுத்த மாத்திரத்தில், வேறெந்தத் தூண்டுதலும் இல்லாமலேயே, பல காலமாகத் தடைப்பட்டிருந்த அதன் குன்றற் பிரிவு மீண்டும் தொடங்குவதைக் கண்டார்கள். குமிழி முட்டையை வளர்ப்பதோடு, உரிய காலம் வரும்வரை அடக்கியும் வைக்கிறது என்ற உண்மை அப்போது வெளிப்பட்டது. முப்பது ஆண்டுகள் கழித்து, 1965-இல், பிற்காலத்தில் சோதனைக்குழாய்க் குழந்தைக்காக உலகப் புகழ் பெற்ற ராபர்ட் எட்வர்ட்ஸ், சுண்டெலி, செம்மறியாடு, பசு, பன்றி, குரங்கு, மனிதன் ஆகிய பல இனங்களின் முட்டைகளை உடலுக்கு வெளியே பக்குவப்படுத்தி, ஒவ்வோர் இனமும் தனக்கென ஒரு கால அளவை உடையது என்று காட்டினார். பசுவின் முட்டைக்கு ஏறத்தாழ 24 மணி நேரம் போதும். பன்றியின் முட்டைக்கோ 40 முதல் 44 மணி நேரம் வேண்டும். கர்னாலில் உள்ள தேசியப் பால் ஆராய்ச்சி நிலையத்தார் 2009-இல் சம்ரூபா, கரிமா என்னும் எருமைக் கன்றுகளைப் படியாக்க முறையில் பிறப்பித்தபோது நம் நாட்டுக் கூடங்களில் ஊன்றிய பழக்கவழக்கங்கள் யாவும் 24 மணி நேரக் கணக்கில் அமைந்தவை என்பதை, பன்றியோடு பழகப் புகுவோர் முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ளுதல் நலம்.

இனி, வேலை நடக்கும் மேசைக்கு வருவோம். இறைச்சிக்கூடத்திலிருந்து வெதுவெதுப்பான உப்புநீரில் கொண்டுவரப்பட்ட சினைப்பைகளின் மேற்பரப்பில், 3 முதல் 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள குமிழிகள் நீர் கோத்துத் தெளிவாகத் தெரியும். 18-ஆம் எண் ஊசியால் அவற்றின் நீரை உறிஞ்சி, ஒரு தட்டில் இட்டு, நுண்ணோக்கியின் அடியில் வைத்துப் பார்த்தால், பசுவின் முட்டையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பன்றியின் முட்டை திகைப்பூட்டும். அதன் உள்ளீடு கொழுப்புத் துளிகளால் நிறைந்து ஏறக்குறையக் கருமையாய்த் தோன்றும். உள்ளே உட்கரு எங்கிருக்கிறது என்பதே புலப்படாது. அதைச் சுற்றிலும் குமுலஸ் என்னும் துணைச்செல்கள் மூன்று நான்கு அடுக்குகளாக இறுக ஒட்டியிருக்கும். அத்தகைய முட்டைகளை மட்டுமே தேர்ந்தெடுத்து, எண்ணெய் போர்த்திய ஊடகத் துளிகளில் இட்டு, 38.5 அல்லது 39 பாகை உஷ்ணத்தில், நூற்றுக்கு 5 பங்கு கரியமிலவாயு கலந்த காற்றில் வைத்துவிடுகிறோம். மறுநாள் மாலையில் அந்தத் துணைச்செல்கள் தம்முள் பற்று விட்டு, வெந்த சவ்வரிசிபோல் பளபளப்பும் பிசுபிசுப்பும் கொண்டு விரிந்திருக்கும். மேலும் ஒரு பகல் கழிந்தபின் அவற்றை நொதியால் நீக்கிப் பார்த்தால், முட்டையின் உறைக்கும் உடலுக்கும் இடையே ஒரு சிறு மணி ஒதுங்கியிருப்பதைக் காணலாம். அதுவே முதல் துருவ உடலம். பக்குவத்தின் புற அடையாளம்.

இந்தப் புற அடையாளத்தை நம்பியதில்தான் இத்துறை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வழிதவறியது என்று நான் கருதுகிறேன். துருவ உடலத்தை வெளியேற்றிய முட்டைகள் நூற்றுக்கு எழுபது, எண்பது என்று எண்ணப்பட்ட கூடங்களிலும், அவற்றில் விந்தணு நுழைந்தபின் கருக்கோள நிலைவரை வளர்ந்தவை பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. உட்கருவின் பக்குவம் ஒன்று, உள்ளீட்டின் பக்குவம் மற்றொன்று. முன்னது கண்ணுக்குத் தெரியும், பின்னது தெரியாது. எண்ணுவதற்கு எளிதானதையே எண்ணிக்கொண்டு, அதுவே முழுமை என்று கொள்ளும் இயல்பு விஞ்ஞானிகளுக்கும் உண்டு.

இதற்கு நிதர்சனமான சான்று ஆண் முன்னுட்கருவின் வரலாறு. வெளியே பக்குவமடைந்த பன்றி முட்டைகளில் விந்தணு தாராளமாக நுழைந்தது. ஆனால் நுழைந்த விந்தணுவின் தலை, அவிழ்ந்து விரிந்து ஓர் உட்கருவாக உருவெடுக்காமல், கட்டுண்ட நிலையிலேயே கிடந்தது. விந்தணுவின் தலையில் மரபுப் பொருள் கந்தகப் பிணைப்புகளால் இறுக முடிச்சிடப்பட்டிருக்கிறது. அம்முடிச்சை அவிழ்க்க முட்டையினுள் குளூட்டத்தயோன் என்னும் சிறு மூலக்கூறு போதிய அளவில் இருத்தல் வேண்டும். உடலினுள் பக்குவமடையும் முட்டை அதைத் தானே சேமித்துக்கொள்கிறது. தட்டில் பக்குவமடையும் முட்டைக்கோ, அதை ஆக்குவதற்கு வேண்டிய சிஸ்டீன் என்னும் மூலப்பொருளே கிட்டவில்லை. ஊடகத்தில் சிஸ்டீனைச் சேர்த்தால் குளூட்டத்தயோன் உயருகிறது, ஆண் முன்னுட்கருவும் உருவாகிறது என்று ஜப்பானில் யோஷிதா முதலானோர் 1990-களின் தொடக்கத்தில் நிறுவினார்கள். துருவ உடலத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தவர்களின் கணக்கில், சிஸ்டீன் இருந்த தட்டுக்கும் இல்லாத தட்டுக்கும் பேதமே தோன்றியிராது. பேதம் இரண்டு நாள் கழித்துத்தான், வேறொரு தட்டில், வேறொரு கட்டத்தில் வெளிப்பட்டது. ஒரு சூழலின் குறை, அச்சூழலைக் கடந்தபின்னரே தலைகாட்டும் என்னும் இந்நியதியை நான் இக்கட்டுரையின் மையமாகக் கொள்கிறேன்.

உடலுக்கு வெளியே பக்குவமடைந்து, வெளியிலேயே கருவுற்ற பன்றி முட்டைகள் உயிருள்ள குட்டிகளாக வளரக்கூடியவை என்று 1989-இல் இத்தாலியைச் சேர்ந்த மத்தியோலி முதலானோர் காட்டியபோது, அவர்கள் தட்டில் முட்டைகளோடு சினைக்குமிழியின் சுவரையே வெட்டி எடுத்து இட்டிருந்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. குமிழி தருவது இன்னதென்று அறியாத காலத்தில், குமிழியையே தட்டுக்குள் அழைத்துவந்த அவ்விவேகம் பாராட்டுக்குரியது. அதன்பின் வந்த முன்னேற்றங்கள் பலவும், அச்சுவர் செய்த காரியங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தறிந்து, அவற்றின் இடத்தில் தெரிந்த பொருள்களை வைத்த முயற்சிகளேயாம். குமிழியினுள் முட்டையை அடக்கிவைப்பது சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் தூதுப்பொருளின் உயர்ந்த அளவு. முட்டையைப் பிரித்தெடுத்தவுடன் அவ்வளவு சரிந்து, உள்ளீடு ஆயத்தமாவதற்கு முன்பே உட்கரு புறப்பட்டுவிடுகிறது. ஆகவே முதல் 20 அல்லது 22 மணி நேரத்துக்கு அப்பொருளின் நிலைத்த வடிவமொன்றை ஊடகத்தில் சேர்த்து, பின்பு நீக்கிவிட்டால், முட்டைகள் யாவும் ஒருசேரப் புறப்பட்டு, கரு வளர்ச்சியும் மேம்படுகிறது என்று ஃபுனஹாஷி முதலானோர் 1997-இல் காட்டினார்கள். ஹார்மோன்களையும் முதற்பாதியில் மட்டும் அளித்துப் பிற்பாதியில் நிறுத்துவதே இன்று வழக்கம். 2017-இல் அமெரிக்காவின் மிசௌரிப் பல்கலைக்கழகத்தார், எஃப்.ஜி.எஃப்.-2, எல்.ஐ.எஃப்., ஐ.ஜி.எஃப்.-1 என்னும் மூன்று வளர்ச்சிக் காரணிகளை ஒருங்கே சேர்த்ததனால், கருக்கோள விகிதமும் குட்டிகளின் எண்ணிக்கையும் தனித்தனியே ஏறக்குறைய இருமடங்காகி, முழு முயற்சியின் பயன் நான்கு மடங்கானதாக அறிவித்தார்கள். அம்மூன்றும் ஒன்றுகூடி இயங்குகின்றன. ஒன்றை மட்டும் சேர்த்தால் அப்பயன் கிட்டாது.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழக்கூடும். குமிழி நீரையே நூற்றுக்குப் பத்துப் பங்கு ஊடகத்தில் கலந்துவிட்டால், இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்று கேட்போர் உண்டு. பல கூடங்களில் இன்றும் அதுவே வழக்கமாக இருக்கிறது, பலனும் நன்றாகவே இருக்கிறது. இந்த வழக்கத்தை நான் ஏற்பதற்கில்லை. குமிழி நீர் ஒரு நாள் எடுத்தது மறுநாள் எடுத்ததுபோல் இராது; பன்றியின் வயது, பருவம், உணவு ஆகிய அனைத்தும் அதனுள் கரைந்திருக்கின்றன. அதைக் கலந்து பெற்ற முடிவை வேறொரு கூடத்தார் திரும்பப் பெற முடியாவிடில், பிழை யாருடையது என்று தீர்ப்பளிக்க வழியில்லை. அறுக்கப்பட்ட பன்றிகளின் உடல் நீர் நோய்க்கிருமிகளையும் சுமந்துவரக்கூடும் என்பது அதனினும் பாரதூரமான விஷயம். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020-ஆம் ஆண்டில் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் நம் நாட்டில் முதன்முறையாக உறுதிசெய்யப்பட்டபின், இன்னதென்று வரையறுக்கப்படாத பன்றி நீரை ஒரு பாதுகாப்புக் கூடத்தின் ஊடகத்தில் கலப்பது நியாயமாகாது. பாலிவினைல் ஆல்கஹால் முதலிய அறிந்த பொருள்களைக் கொண்டு அமைந்த ஊடகத்தில் முதலில் பலன் சிறிது குறைந்தாலும், அக்குறை எங்கிருந்து வந்ததென்று தேட இயலும்.

விந்தணுவும் முட்டையும் சந்திக்கும் கட்டத்தைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். பன்றியின் முட்டையில் ஒன்றுக்கு மேற்பட்ட விந்தணுக்கள் நுழைந்துவிடுவது தீராத தொல்லை. பல பரிசோதனைகளில் கருவுற்ற முட்டைகளில் பாதியளவு இவ்விதம் வீணாகின்றன. உடலினுள் கருக்குழாயின் சுரப்புகள் முட்டையின் உறையைக் கெட்டிப்படுத்தி இதைத் தடுக்கின்றன என்று ஸ்பெயின் நாட்டுக் கோய் முதலானோர் 2008-இல் காட்டினார்கள். தட்டில் அச்சுரப்பு இல்லை.

கருவுற்றபின் வரும் ஆறு நாட்களின் கதை வேறு. பன்றியின் கரு, நான்கு செல் நிலையில் தாயின் சேமிப்பை விட்டுத் தன் சொந்த மரபுச் செய்தியைப் பேசத் தொடங்குகிறது. பழைய ஊடகங்களில் கருக்கள் அங்கேயே நின்றுபோயின. வட கரோலினாவில் பெட்டர்ஸ், வெல்ஸ் ஆகியோர் 1993-இல் வெளியிட்ட என்.சி.எஸ்.யு.-23 என்னும் ஊடகம், டாரின், ஹைப்போடாரின் ஆகியவற்றின் துணையால் அத்தடையைக் கடக்க உதவியது. எனினும் அதில் முதல் நாளிலிருந்தே குளுக்கோஸ் இருந்தது. கிகுச்சி முதலானோர் 2002-இல், முதல் இரண்டு நாட்களுக்குக் குளுக்கோஸை நீக்கிப் பைருவேட்டும் லாக்டேட்டும் மட்டும் அளித்து, பின்னரே குளுக்கோஸைக் கொடுத்து, சிறந்த கருக்கோளங்களையும் உயிருள்ள குட்டிகளையும் பெற்றார்கள். அதே ஆண்டில் யோஷியோகா, பன்றியின் கருக்குழாய் நீரின் அமைப்பை ஆதாரமாகக் கொண்டு பி.இசட்.எம். ஊடகங்களை வகுத்தார். பிறந்த குழந்தைக்கு முதலில் பாலும் பின்பு சோறும் ஊட்டும் முறை எந்த வீட்டிலும் உண்டு. கருவுக்கும் அத்தகைய கிரமம் உண்டென்று ஒப்புக்கொள்ள இத்தனை ஆண்டுகள் சென்றன. பிராணவாயுவின் விஷயமும் இத்தகையதே: சாதாரணக் காற்றில் அது நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் இருக்கிறது, கருக்குழாயிலோ அதில் ஒரு சிறு பகுதியே. ஆகவே 5 பங்குக்குக் குறைத்தால் கருவுக்கு நலம்.

மேற்கூறிய அளவுகள் யாவும் பிறநாட்டுக் கூடங்களில், அவற்றின் சீதோஷ்ணத்தில் வகுக்கப்பட்டவை. ஐதராபாத் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 540 மீட்டர் உயரத்தில் அமைந்த நகரம். இங்கு வாயுமண்டல அழுத்தம் கடற்கரையில் உள்ளதைவிட நூற்றுக்கு ஆறு பங்கு அளவில் குறைவு. கரியமிலவாயுவை 5 பங்கு என்று கருவியில் அமைத்தாலும், ஊடகத்தில் கரையும் வாயுவின் அழுத்தம் அந்த விகிதத்தில் குறைந்தே நிற்கும், ஊடகத்தின் பி.எச். அளவு ஏறக்குறைய 0.03 உயர்ந்துவிடும். இது சிறு பேதமே. ஆயினும் 7.2-க்கும் 7.4-க்கும் இடைப்பட்ட குறுகிய எல்லைக்குள் வாழும் ஓர் உயிர்ப்பொருளுக்கு, 44 மணி நேரமும் அதன்பின் ஆறு நாட்களும் தொடர்ந்து நிற்கும் சிறு பேதத்தைச் சிறிதென்று தள்ளுவதற்கில்லை. உஷ்ணத்தின் நிலையும் வேறுபட்டது. குளிர் நாட்டுச் செய்முறைகள், சினைப்பைகள் வழியில் ஆறிப்போகாதபடி காக்கவேண்டும் என்று எச்சரிக்கின்றன. பன்றியின் முட்டை 15 பாகைக்குக் கீழே பெரிதும் சேதமுறும் என்பது உண்மையே. ஐதராபாத்தின் மே மாதத்தில், வெயில் 40 பாகையைத் தாண்டும் நண்பகலில், குடுவையைச் சுமந்துவருபவர் கவலைப்படவேண்டியது ஆறுவதைப் பற்றியன்று, மிகையாகச் சுடுவதைப் பற்றி. 41 பாகைக்கு மேல் சில மணி நேரம் இருந்தாலே முட்டையின் பக்குவம் குலையத் தொடங்குகிறது. எச்சரிக்கையைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றி, குடுவையைக் கம்பளியில் சுற்றி வருபவர் எவ்வளவு நல்லெண்ணம் உடையவராயினும் முட்டைகளைக் கெடுத்தவராவார்.

குளிரில் உறையவைக்கும் விஷயத்திலும் மானின் அனுபவம் பன்றிக்கு நேரே உதவாது. பசுவின் ஒரு முட்டையில் 63 நானோகிராம் அளவில் கொழுப்பு இருக்க, பன்றியின் முட்டையில் அது 161 நானோகிராம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அக்கொழுப்பே அதற்கு ஆகாரம். குளிரில் அதுவே பகை. நாகாஷிமா முதலானோர் 1995-இல், கொழுப்பை ஒரு புறம் ஒதுக்கி நீக்கியபின் பன்றிக் கருக்கள் குளிரைத் தாங்குவதைக் காட்டினார்கள். நாற்கொம்பு மானின் முட்டைக்குத் தேவைப்படாத ஒரு படி, பன்றிக்கு இன்றியமையாததாகக்கூடும்.

இத்தனையும் எதற்காக? 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் உள்ள பன்றிகள் 90 லட்சத்து 60 ஆயிரம். அதற்கு முந்திய 2012-ஆம் ஆண்டுக் கணக்கோடு ஒப்பிட்டால் நூற்றுக்குப் பன்னிரண்டு குறைவு. குங்ரூ, நியாங் மேகா முதலான நாட்டினங்களைக் காப்பதற்குக் குவாஹாட்டியை அடுத்த ராணியில் தேசியப் பன்றி ஆராய்ச்சி நிலையம் பணியாற்றி வருகிறது. ஆனால் என் மனத்தை அதிகமாகக் கவலைக்கு உள்ளாக்குவது குள்ளப் பன்றி என்னும் சிறு காட்டு விலங்கு. 1847-இல் ஹாட்ஜ்சன் முதன்முதலாக வருணித்து, அற்றுப்போனதென்று கருதப்பட்டு, 1971-இல் அசாமில் மீண்டும் கண்டறியப்பட்ட அது, முழுவதும் வளர்ந்தாலும் பத்துக் கிலோ அளவே நிறையும். 1996 முதல் குவாஹாட்டிக்கு அருகே பசிஸ்தாவில் காப்பிடத்தில் இனப்பெருக்கம் செய்யப்பட்டு, 2008 முதல் புல்வெளிகளில் விடப்பட்டும் வருகிறது. அது சாதாரணப் பன்றியின் பேரினத்தைச் சேர்ந்ததன்று, தனிப் பேரினம் என்று 2007-இல் மரபணு ஆராய்ச்சி காட்டியது. எனவே வீட்டுப் பன்றியின் 44 மணி நேரமும், 3 மில்லிமீட்டர் குமிழியும் அதற்குப் பொருந்தும் என்று எவரும் உறுதி கூற முடியாது. வீட்டுப் பன்றியிடம் நாம் கற்கவேண்டியது அளவுகளை அன்று. எந்தக் கேள்விகளை, எந்த வரிசையில், எந்தக் கட்டத்தில் கேட்கவேண்டும் என்பதை.

ஐதராபாத்தில் முட்டையை மீட்கும் கைத்திறன் இருக்கிறது. குவாஹாட்டியில் பன்றி இருக்கிறது. இவ்விரு ஊர்களின் ஆய்வாளர்களிடத்தும் நான் வேண்டிக்கொள்வது இரண்டு. பன்றி முட்டை குறித்து இனி வெளியிடும் ஒவ்வொரு கட்டுரையிலும், துருவ உடலத்தின் கணக்கோடு நின்றுவிடாமல், ஆண் முன்னுட்கரு, கருக்கோளம், கருக்கோளத்தின் செல் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் அச்சிடுங்கள். ஊடகத்தின் பெயரை மட்டும் குறிக்காமல், உங்கள் கூடத்தில் அளந்த பி.எச்., வாயு அழுத்தம், சினைப்பை வந்த வழியின் உஷ்ணம், எடுத்துக்கொண்ட மணி நேரம் ஆகியவற்றையும் எழுதுங்கள். மற்றொன்று: பசிஸ்தாவில் ஒரு பெண் குள்ளப் பன்றி இறக்கும் நாளில் அதன் சினைப்பை எந்தக் குடுவையில், எத்தனை பாகையில், எத்தனை மணி நேரத்துக்குள், எந்தக் கூடத்தைச் சென்றடையவேண்டும் என்பதை, அந்நாள் வருமுன் வீட்டுப் பன்றியின் சினைப்பையை வைத்து இருதரப்பாரும் சேர்ந்து சோதித்து, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.